தங்கம் கீதாவுக்கு, கதை யாருக்கு? 'தங்கல்' வழியாகப் பார்வைக் கோணம் ஓர் அறிமுகம்

2016 டிசம்பர் கடைசி வாரத்தில் மதுரையில் ஒரு தியேட்டரில் 'தங்கல்' பார்த்தேன். மகள்களை மல்யுத்த வீராங்கனைகளாக்கும் அப்பாவாக ஆமிர் கான் நடித்த இந்திப் படம். கூட வந்தது என் சித்தி மகள். படம் தொடங்குமுன் தேசிய கீதம் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரும் எழுந்து நின்றோம், உட்கார்ந்தோம், படம் ஓடியது. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு திரைக்குள்ளேயே தேசிய கீதம் ஒலித்தது. அரங்கம் மொத்தமும் மறுபடி எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் என் காதோரம் கேட்டாள்: "அப்பாவுக்கு அழுகை வருது, சரி. அவளுக்கு என்னக்கா வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 'பார்வைக் கோணம்' என்கிற விஷயத்தை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். சினிமா விமர்சனம் வாசிக்கிறவர்கள் இந்தச் சொல்லை அடிக்கடி பார்த்திருப்பார்கள். கேமராவை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் அது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஒரு கதையை நாம் யாருடைய மனசுக்குள் உட்கார்ந்து அனுபவிக்கிறோம் என்பதே பார்வைக் கோணம். கேமரா அதற்கான கருவிகளில் ஒன்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'தங்கல்' எனக்குப் பிடிக்காத படம் இல்லை. நிதேஷ் திவாரி இயக்கிய இந்தப் படத்தில் மல்யுத்தக் காட்சிகளுக்கு ஈடாக இந்திய சினிமாவில் நான் வேறு எதையும் பார்த்ததில்லை. நடிகைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் கிருபா சங்கர் பிஷ்னோய், அர்ஜுனா விருது பெற்ற மல்யுத்த வீரர். ஒரு பிடி எங்கே தொடங்குகிறது, எந்த நொடியில் எதிராளியின் இடுப்பு மண்ணைவிட்டு எழும்புகிறது என்பதெல்லாம் மல்யுத்தமே தெரியாத எனக்கும் புரிந்தது. எந்தப் பிடிக்கு எத்தனை புள்ளி என்று அப்பா மகள்களுக்குச் சொல்லித் தரும் சாக்கில் படம் நமக்கும் விதிகளைச் சொல்லித் தந்துவிடுகிறது. ஐந்து புள்ளி எடுப்பது மிகக் கடினம் என்று அங்கே விதைத்ததை க்ளைமாக்ஸில் அறுவடை செய்கிறார்கள். நேர்த்தியான திரைக்கதை. அந்த வருஷத்துச் சூழலும் கூட நின்றது. ரியோ ஒலிம்பிக்ஸில் சாக்ஷி மாலிக் வெண்கலமும் பி.வி. சிந்து வெள்ளியும் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவர்களிடம் "நல்லாருந்துச்சு" என்று நான் இழுத்தபோது, பெண்கள் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லையோ என்பதுபோலப் பார்த்தார்கள். அது எனக்கு வலித்தது. பெண்கள் ஜெயிப்பதை அவ்வளவு ஆசையாகப் பார்க்கப் போனதால்தான் எனக்குக் குறை தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதிதாகப் படம் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. படத்தின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், ஆனால் இரண்டு தடவை, இரண்டு வேறு எழுவாய்களோடு.

முதல் தடவை: குடும்பச் சூழலால் மல்யுத்தத்தை விட்ட மகாவீர் சிங் போகாட், தான் நாட்டுக்கு வாங்கித் தர முடியாத தங்கத்தை மகன் மூலம் வாங்க ஆசைப்பட்டு, நான்கும் மகள்களாகப் பிறக்க மனம் உடைந்து, பிறகு மகள்களையே பயில்வான்களாக்கி அந்தத் தங்கத்தை அடைகிறார். படத்தின் எல்லாக் காட்சிகளும் இந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது மூத்த மகள் கீதாவை எழுவாயாக வையுங்கள். கீதா என்கிற சிறுமி... என்ன ஆசைப்படுகிறாள்? இங்கேயே வாக்கியம் தடுக்கிவிடுகிறது. அவளுக்கு என்ன பிடிக்காது என்று தெரியும்: விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் பிடிக்காது, முடியை வெட்டப் பிடிக்காது. பிறகு ஒரு நாள் எல்லாம் பிடித்துவிடுகிறது. தங்கம் வேண்டும் என்று அவளுக்கே, அவள் வயிற்றுக்குள்ளிருந்து, எப்போது தோன்றியது? அதற்கு ஒரு காட்சி இல்லை.

கதையில் யாருடைய ஆசை முதலில் நிறுவப்படுகிறதோ அவர் பக்கம் பார்வையாளரின் மனசு சாய்ந்துவிடும். இது ரொம்பப் பழைய, ரொம்ப வலுவான விதி. ஒருவன் கிணற்றில் வாளி இறக்குவதைக் காட்டினால், தண்ணீர் வருகிறதா என்று நாமும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். 'தங்கல்' முதல் காட்சியிலேயே மகாவீரின் வாளியை இறக்கிவிடுகிறது. அலுவலகத்தில் புதிதாக வந்த இளைஞனோடு அவர் மல்லுக்கு நிற்கும் காட்சி அது. அந்தக் கயிறு கடைசிவரை அவர் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது கருவி, குரல். இந்தக் கதையை நமக்குச் சொல்கிற வாய்ஸ் ஓவர் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். கீதாவுடையது இல்லை, தங்கை பபிதாவுடையதும் இல்லை. அவர்களின் சித்தப்பா மகன் ஓம்கார் என்கிற பையன்தான் சொல்கிறான். சுவாரசியமான, சிரிக்கவைக்கிற குரல். ஆனால் அவனுக்குத் தெரிந்தது வெளியிலிருந்து பார்த்தது மட்டும். பயிற்சிக் களத்தில் அந்தப் பெண்களிடம் மாறி மாறி அடி வாங்குகிறவன் அவன். அடிக்கிறவளுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று அவனால் சொல்ல முடியாது. ஆக, இரண்டு சகோதரிகளின் வாழ்க்கை, அவர்களுடைய அப்பாவின் ஆசையாக, ஒரு பையனின் வாயால் நமக்கு வந்து சேருகிறது. இது தவறு என்று நான் சொல்லவில்லை. இப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதற்கு விளைவு உண்டு என்கிறேன்.

பெண்களின் பார்வை படத்தில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இடைவேளைக்கு ரொம்ப முன்னாலேயே அது வருகிறது, வலுவாகவும் வருகிறது. அப்பாவின் கெடுபிடி உடம்புக்கு ஆகாது என்று சின்னப் பெண்கள் புலம்புகிற பாட்டு முழுக்க அவர்கள் பக்கத்துக் கதை. மண் ஒட்டிய தலையில் பேன் வந்துவிட்டது என்று முறையிடப்போய், முடியே போய்விடுகிற காட்சியில் கீதா அழும்போது கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. சின்ன வயசுக் கீதாவாக வரும் ஸாயிரா வாசிம் அங்கே நடிக்கிறார் என்றே தோன்றாது.

அதற்குப் பிறகு வருகிறது தோழியின் கல்யாணம். அப்பாவுக்குத் தெரியாமல் போய் ஆடிக்கொண்டிருக்கிற மகள்களை அவர் வந்து கண்டுபிடிக்கிறார். அவமானத்தில் புழுங்கும் இரண்டு பேரிடமும், பதினாலு வயசுகூடத் தாண்டாத அந்த மணப்பெண், உங்கள் அப்பாவாவது உங்களைப் பிள்ளையாக நினைக்கிறார், எனக்கு அப்படி ஓர் அப்பா வாய்க்கவில்லையே என்கிற பொருளில் பேசுகிறாள். படத்தின் மிகச் சிறந்த வசனம் அதுதான் என்பது என் கணிப்பு. அரியானா கிராமத்தில் ஒரு பெண்ணின் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்பதை அரை நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் திரைக்கதையில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. அப்பாமேல் மகள்களுக்கு இருந்த வழக்கை அந்த இடத்தோடு முடித்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவர்களே எழுந்து ஓடுகிறார்கள். அதன் பிறகு, அப்பாவை எதிர்க்கும் கீதா நம் கண்ணுக்குத் தப்பு செய்கிறவளாகத்தான் தெரிவாள்.

பாட்டியாலாவில் இருக்கும் தேசியப் பயிற்சி நிலையத்துக்குப் போன பிறகு கீதா முடி வளர்க்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசுகிறாள், புதுப் பயிற்சியாளரின் உத்தியைக் கற்றுக்கொள்கிறாள். ஊருக்கு வந்து அப்பாவோடு மண்களத்தில் மோதி அவரை வீழ்த்தவும் செய்கிறாள். மூச்சு வாங்கிக் கீழே கிடக்கும் ஆமிர் கானைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. கவனியுங்கள்: ஓர் இளம் வீராங்கனை முதல்முறையாகத் தன் குருவை வென்ற தருணம் அது. அவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? பெருமையா, பயமா? படம் அதற்குள் போகவில்லை. நாம் அப்பாவோடு மண்ணில் கிடக்கிறோம். பிறகு கீதா வெளிநாட்டுப் போட்டிகளில் வரிசையாகத் தோற்கிறாள், அப்பாவுக்குப் போன் போட்டு அழுகிறாள், மறுபடி முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறாள். முடி நீளமாக இருந்தால் வழிதவறியவள், குட்டையாக இருந்தால் வழிக்கு வந்தவள் என்று படம் ஒரு கணக்கே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியது அப்பாவின் கண்.

என் சித்தி மகள் பள்ளிக்கூட நாட்களில் கபடி ஆடினவள். மாவட்ட அளவில் கோப்பை வாங்கியிருக்கிறாள். அவர்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே சட்டம் போட்ட போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. கோப்பையைப் பிடித்திருப்பது சித்தப்பா. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். இவள் ஓரத்தில் நிற்கிறாள், இடது தோள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சித்தப்பா தங்கமான மனுஷர். அவளை டி.வி.எஸ். வண்டியில் உட்காரவைத்து ஊர் ஊராக மேட்ச்சுக்குக் கூட்டிப்போனவர். அவர் சந்தோஷத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அந்தப் போட்டோவைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "அண்ணே, இது எந்த வருஷம் வாங்குனது?" என்று அவரிடம்தான். பார்வைக் கோணம் செய்கிற வேலை இதுவே.

இனி க்ளைமாக்ஸ். இங்கே 'புனைவுச் சுதந்திரம்' என்கிற இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உண்மை மனிதர்களின் கதையை எடுக்கும்போது நடந்ததை நடந்தபடியே காட்டினால் பல நேரம் நாடகம் நிற்காது. அதனால் காலத்தைச் சுருக்குவார்கள், இரண்டு மூன்று பேரை ஒருவராக்குவார்கள், தடைகளை உண்டாக்குவார்கள். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில், மத நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்கிற ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடலுக்குத் தன் பந்தயம் ஞாயிறன்று வருகிறது என்பது 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் தெரியவருகிறது. நிஜத்தில் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. மாற்றினார்கள், ஆனால் மாற்றியதால் லிடலின் மனப்போராட்டம் கூர்மையானது. கதை யாருடையதோ அவருக்கே அந்தப் புனைவு பயன்பட்டது. புனைவை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பொய்யா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தப் பொய்யால் யார் பெரிதாகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளில், 55 கிலோ எடைப்பிரிவில், கீதா போகாட் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை 1-0, 7-0 என்று இரண்டே சுற்றுகளில் வீழ்த்தினார். அந்தப் போட்டிகளில் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத ஆதிக்கம். படத்திலோ ஆட்டம் மூன்றாவது சுற்றுக்குப் போகிறது, கீதா 1-5 என்று பின்தங்கி, கடைசி நொடியில் அந்த ஐந்து புள்ளி எறிதலில் தப்பிக்கிறார். சரி, சினிமாவுக்கு அது வேண்டும். விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

எனக்குச் சூடு ஆறிப்போனது வேறு இடத்தில். பொறாமை பிடித்த தேசியப் பயிற்சியாளர் சதி செய்து மகாவீரை ஓர் அறையில் பூட்டவைக்கிறார். நிஜத்தில் அப்படி யாரும் யாரையும் பூட்டவில்லை. படம் வந்ததும் அப்போதைய பயிற்சியாளர் தரப்பிலிருந்து வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் திரைக்கதை எழுதியவர்களுக்கு அந்தப் பூட்டு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் இன்னும் சுவையான ஒன்று புலப்படும். அதுவரை கீதா எடுக்கும் ஒவ்வொரு பிடியும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா கத்திச் சொன்னபடியே நடந்திருக்கிறது. இப்படியே இறுதிப் போட்டியும் நடந்தால் ஜெயித்தது யார்? அந்தச் சிக்கல் எழுத்தாளர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கீதாவிடம் ஆட்டத்தை ஒப்படைக்க வேண்டுமானால் அப்பாவை அரங்கத்திலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். அதனால் ஒரு வில்லனையும் ஒரு சாவியையும் கண்டுபிடித்தார்கள். பார்வைக் கோணம் அவ்வளவு இறுக்கமாக அப்பாவைப் பிடித்திருந்தது. அதை விடுவிக்க ஒரு கதவையே பூட்ட வேண்டியிருந்தது!

அப்படிப் பூட்டிய பிறகாவது கேமரா கீதாவோடு தங்கியிருக்கலாம். அவள் ஜெயிக்கிறாள், கண்ணால் அப்பாவைத் தேடுகிறாள். அந்த வெற்றி நமக்கு முழுசாக வந்து விழும் இடம் எது என்றால், அந்த இருட்டறை. வெளியே தேசிய கீதம் ஒலிக்கிறது, அதைக் கேட்டுத்தான் மகள் தங்கம் வாங்கிவிட்டாள் என்று அவருக்குத் தெரிகிறது. என்ன அபாரமான சினிமா யோசனை அது! ஆமிரின் முகத்தில் வெளிச்சம் ஏறுவதுபோல இருக்கும். தியேட்டரே எழுந்து நின்றது நியாயம்தான். (படத்துக்குள் வரும் கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது பிறகு, 2017-ல்.) ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் தங்கம் கை மாறிவிட்டது. பிறகு கீதா வந்து பதக்கத்தை அப்பாவிடம் நீட்டுவதும், அவர் "சபாஷ்" என்று சொல்வதும் அந்தக் கைமாற்றத்துக்கு ரசீது போடுவது மாதிரி.

இது என் தனிப்பட்ட உறுத்தல் மட்டும்தானா என்று எனக்கே பல நாள் சந்தேகம் இருந்தது. பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. கீதாவின் சிறுவயதுப் பாத்திரத்துக்காக ஸாயிரா வாசிமுக்குத் தேசிய விருது கிடைத்தது. எந்தப் பிரிவில்? துணை நடிகைக்கான பிரிவில். தங்கம் வாங்கியவளின் வேடம், அவளுடைய கதையில், துணை வேடம். 2017 மே மாதம் சீனாவில் வெளியாகி 100 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தபோது அங்கே படத்துக்கு வைத்த பெயரின் பொருள், "மல்யுத்தம் செய்வோம், அப்பா!" அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இது ஓர் அப்பாவின் படம். அப்பாவின் படமாக எடுத்துக்கொண்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. மகளின் படம் என்று நம்பிப் போனவர்களுக்குத்தான் பாதி வயிறு நிறைகிறது.

பெண்கள் ஆடுகிற, ஆண் பயிற்றுவிக்கிற படம் என்றாலே இப்படித்தான் முடியும் என்பதில்லை. 2007-ல் வந்த, பெண்கள் ஹாக்கி அணியைப் பற்றிய 'சக் தே இந்தியா'வில் பயிற்சியாளர் கபீர் கான்தான் நாயகன், ஷாருக் கான்தான் நட்சத்திரம், அவர்மேல் விழுந்த பழிதான் கதையின் ஆணிவேர். ஆனாலும் அந்தப் படத்தில் கோமல், ப்ரீத்தி என்ற இரண்டு வீராங்கனைகளுக்கு இடையே, யார் அதிக கோல் அடிப்பது என்று ஒரு தனிப் பகை ஓடும். இறுதி ஆட்டத்தில் கோமல் பந்தைத் தானே அடிக்காமல் ப்ரீத்திக்குத் தள்ளிவிடுகிறாள். தன்னைச் சிறுமைப்படுத்தின காதலனுக்கு ப்ரீத்தி பதில் சொல்லட்டும் என்று. அந்தப் பாஸுக்கும் கோச்சுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் நடந்த விஷயம் அது. பார்வைக் கோணத்தைச் சில நொடிகள் கைமாற்றிக் கொடுத்தாலே போதும், பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடும்.

நம்மூரில், 'தங்கல்' வந்த அதே 2016-ன் தொடக்கத்தில் வெளியான சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' இருக்கிறது. அங்கேயும் ஆண் பயிற்சியாளர், அங்கேயும் பொல்லாத சங்கத்து அதிகாரி, அங்கேயும் கோச் விலக்கப்படுகிறார். அதில் எனக்குச் சில இடங்கள் ஒட்டவில்லை, குறிப்பாகக் காதல். ஆனால் மீன் விற்கிற மதி, மாதவன் வந்து கண்டுபிடிப்பதற்கு முன்பே ஓர் ஆளாக இருக்கிறாள். அக்கா மேடையில் குத்துச்சண்டை போட, தீர்ப்புச் சொன்னவர்களோடு கைகலப்புக்குப் போகிறவள் இவள். கோபம் அவளுடையது, வாய் அவளுடையது. கோச் அவளுக்குள் எதையும் ஊற்றவில்லை, இருந்ததைத் திருப்பிவிட்டார். ரித்திகா சிங் நிஜத்திலும் களத்தில் சண்டை போட்டவர் என்பது அந்த உடம்பில் தெரியும்.

கொஞ்ச நாள் முன்னால் சித்தி வீட்டில் டிவியில் 'தங்கல்' மறுபடி ஓடியது. இந்தத் தடவை எனக்கு ஒரு காட்சி கூடுதலாகப் பிடித்தது, முதல் தடவை அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. மூன்றாவது சுற்று, நேரம் கரைந்துகொண்டிருக்கிறது, அரங்கத்தில் அப்பாவின் நாற்காலி காலி. அப்போது கீதாவுக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வருகிறது. அப்பா அவளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்ட நாள். ஒவ்வொரு தடவையும் காப்பாற்ற நான் வர மாட்டேன், நீயேதான் போராட வேண்டும் என்று அவர் சொல்லித் தந்த நாள். வார்த்தை அவருடையதுதான். ஆனால் தண்ணீருக்குள் தத்தளிக்கிற அந்தச் சிறுமியின் பக்கத்தில் யாரும் இல்லை, ஓம்காரின் குரலும் இல்லை.

சித்தி மகள் சோபாவிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே அந்தக் கபடிப் போட்டோ. "அக்கா, இங்க இருக்கா பாரு" என்றாள்.